வடபுலத்தார் பதிவேடு

என் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு குறிப்பாணை இருக்கிறது. முப்பத்தோரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒன்று என்பது குறைவுதான். சிலருக்கு அதற்கென்றே தனிக் கோப்பு உண்டு. ஆனால் எனக்குக் கொடுத்ததில் எழுதியிருக்கும் காரணம் கொஞ்சம் விசித்திரமானது: "வடபுலத்தார் பதிவேட்டில் உரிய அனுமதியின்றி ஒரு வரியை அடித்தமை."

போன மாதம் கம்பத்தில் எங்கள் சங்கக் கூட்டம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இதை எப்படியோ கேள்விப்பட்டு, காபி நேரத்தில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஒரு வரிய அடிச்சதுக்கா சார் மெமோ குடுத்தாக?" என்று ஒரு பெண் கேட்டாள். அவர்களுக்கு அடிப்பது என்றால் ஒரு பொத்தான். அடித்த இடம் கூடத் தெரியாது. இன்னொருவன், "அதுகூட இருக்கட்டும் சார், வடபுலத்தார்னா யாரு?" என்றான். சொல்ல ஆரம்பித்தேன். காபி ஆறியது, பொருளாளர் மைக்கில் கூப்பிட்டார், கதை பாதியில் நின்றுவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் அது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேர்வு எழுதினேன், தேறினேன், நில அளவைச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மறுமுனையைப் பிடித்தவர் சில நாள் டீ குடிக்கப் போய்விடுவார். நான் மட்டும் நிற்பேன். என் முதல் வருவாய் ஆய்வாளர் சொன்ன ஒன்று மட்டும் உருப்படியாக நினைவிருக்கிறது. "தம்பி, எழுதுனத அடிச்சா பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். போட்டா ஏன் அடிச்சேன்னு கேப்பாக. கேட்டா பதில் சொல்லணும். அதனால எழுதுறதுக்கு முன்னால யோசி, இல்லன்னா எழுதாத." அடங்கல், சிட்டா, அ-பதிவேடு என்று நான் எழுதிய எந்தக் கணக்கிலும் ஓர் அடித்தல் கிடையாது. வருடா வருடம் தணிக்கைக்கு வருகிறவர்கள் என் கணக்குகளைப் புரட்டிவிட்டு ஏமாற்றத்தோடு போவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, தலைக்கனமே இருந்தது.

கடைசி ஆறு வருடம் நான் இருந்தது கூடலூருக்குக் கிழக்கே ஒரு வருவாய்க் கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இப்போது இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. பாதி ஊர் தென்னை, பாதி ஊர் திராட்சை. விடியும்போதே ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளிக்குக் கிளம்பிவிடும். ஊருக்கு வெளியே ஒரு தென்னை நார் மில். அதில் வேலை செய்தவர்கள் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார்ப் பக்கத்து ஆட்கள். கொரோனா ஓய்ந்த பிறகு, இப்படி வந்திருப்பவர்கள் யார், எத்தனை பேர் என்று மேலே இருந்து கணக்குக் கேட்டார்கள். "நார் மில்லில் வடக்கத்தியான் 15 பேர்" என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது. "வடக்கத்தியான்" என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வேறு ஓர் எழுத்துக்கூட இல்லை.

அது எங்கள் வட்டாட்சியரின் பாணி. மெலிந்த ஆள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். மேசையில் ஒரு பிளாஸ்க், அதில் வெறும் வெந்நீர். பேசினால் எதிரே இருப்பவர் முன்னால் சாய்ந்துதான் கேட்க வேண்டும். அப்படிச் சாய்ந்து சாய்ந்தே எங்களில் பலருக்கு முதுகு வலி. அவர் அறையில் "சார்" என்ற சொல் கூடாது, "ஐயா"தான். யாராக இருந்தாலும் "தாங்கள்". மணல் லாரியோடு பிடிபட்டவனைக்கூட, "தாங்கள் எத்தனை யூனிட் அள்ளினீர்கள்?" என்றுதான் கேட்பார். அவனுக்கு அழுகை வந்துவிடும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பேசி முடித்திருக்கலாம்.

அந்த வட்டத்தைப் பற்றிப் பேச எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். வருவாய் ஆய்வாளர் சாமுவேல் சாரும் இருந்தார். போடியில் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர். யாரிடமும் தயங்காமல் பேசுவார்.

"வடக்கத்தியான் என்று அரசுத் தாளில் எழுதுவது மரியாதை ஆகாது" என்றார் வட்டாட்சியர்.

"இந்திக்காரர்னு போடலாமா ஐயா?" என்றேன்.

"ஒடிசாக்காரர் வீட்டில் இந்தி பேசுகிறாரா?"

"வெளிமாநிலத்தவர்?" என்றார் இன்னொருவர்.

இதற்குச் சாமுவேல் சார் குறுக்கே விழுந்தார். "ஐயா, அப்படிப் போட்டா குமுளியில இருந்து தினம் இங்கன பால் ஊத்த வர்றவரும் சேர்ந்துருவாரு. என் மச்சினியக் கட்டிக்குடுத்துருக்கதே வண்டிப்பெரியாறுல. பிரசவத்துக்கு வந்தா அவளையும் எழுதணும்."

வட்டாட்சியர் வெந்நீர் குடித்தார். பழைய நூல்களில் வடக்கே இருந்து வந்தவர்களை வடுகர் என்று சொல்லியிருக்கிறார்கள், அதைப் பார்க்கலாமா என்றார்.

"அது வேணாம் ஐயா" என்றார் சாமுவேல் சார். "அதப் போட்டா கம்பம் பள்ளத்தாக்குல பாதிப் பேரு பதிவேட்டுல ஏறிருவாக. இங்கன உக்காந்துருக்கவுகள்லயே நாலு பேரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம்.

அடுத்த வாரம் வட்டாட்சியர் ஒரு துண்டுத் தாளோடு வந்தார். அகராதியில் தேடி எடுத்த சொல். வடபுலம் என்றால் வடக்கில் உள்ள நிலம், அங்கிருந்து வந்தவர் வடபுலத்தார். இகழ்ச்சி இல்லை, குழப்பம் இல்லை என்றார்.

"ஒடிசா கெழக்கால இருக்கே ஐயா" என்றார் சாமுவேல் சார்.

"வடக்கே சென்றுதானே கிழக்கே திரும்ப வேண்டும்?"

கூட்டம் முடிந்தது.

பதிவேடு வந்தது. தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் அவரே தம் கையால் விளக்கம் எழுதியிருந்தார்: "வடபுலத்தார் என்போர், வேங்கட மலைக்கு அப்பால் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து, பணி முடிந்ததும் தம் ஊர் திரும்புவோர்." மொத்தம் ஒன்பது கலங்கள். பெயர், வயது, ஊர் என்று போய், எட்டாவது கலம் "திரும்பும் உத்தேச நாள்". ஒன்பதாவது "திரும்பிச் சென்ற நாள்". பத்தாவது கலம் இல்லை. எந்தக் கலத்தையும் வெறுமையாக விடக் கூடாது, விட்டால் வட்டம்.

எங்கள் முன்னோர்கள் வேங்கட மலைக்கு அப்பாலிருந்து எப்போது வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திரும்பும் உத்தேச நாள் என்ன என்று எங்களை யாரும் கேட்டதும் இல்லை. இது அன்றைக்கே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல் ஊருக்குள் நன்றாகவே பரவியது. மில் வாசலில் நான் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு மில் சூப்பர்வைசர், "வடபுலத்தாரா? அப்படி யாரும் நம்மகிட்ட வேல பாக்கலயே சார்" என்றார். விளக்கினேன். "அட, நம்ம பயலுகளா" என்றார். டீக்கடைக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மில் ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றால், "வடபுலத்தார் வந்துருக்காக, ரெண்டு ஸ்ட்ராங்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். அவர்களும் அது ஏதோ டீயின் பெயர் என்று நினைத்து அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள்.

கணக்கெடுக்க மில்லுக்குப் போனேன். எனக்கு இந்தி தெரியாது. அவர்களுக்குத் தமிழில் டீ, சோறு, லீவு மூன்றும் தெரியும். நடுவில் நின்று பேச லக்கனைக் கூப்பிட்டார்கள்.

லக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டில் கும்லா என்ற ஊர். போன் கேபிளுக்குக் குழி தோண்டுகிற கூட்டத்தோடு பத்தொன்பது வயதில் வந்தவர். கூட்டம் போய்விட்டது, இவர் காய்ச்சலில் படுத்ததால் தங்கிவிட்டார். காய்ச்சல் விட்ட பிறகும் போகவில்லை. நார் மில்லில் மட்டை அடிக்கிற இயந்திரத்தின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். ஊரில் அவர் பெயர் லட்சுமணன். எங்கள் ஊர்ப் பெண் ஈஸ்வரியைக் கட்டியிருந்தார். மகள் எட்டாவதும் மகன் ஐந்தாவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கும்லா என்று சொன்னதைக் குமுளி என்று நினைத்துத்தான் மாமனார் பெண் கொடுத்தார் என்று ஊரில் கேலி செய்வார்கள். மாமனார் அதை மறுத்ததில்லை.

லக்கன் ஒவ்வொருவரிடமும் இந்தியில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். "இவன் தீவாளிக்குப் போவானாம் சார். இவன் தங்கச்சி கல்யாணத்துக்கு. இந்தா நிக்கிறானே, இவன் லீவு குடுத்தா இப்பவே போவானாம்." பதினைந்து பேர் முடிந்தது. மில் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். அதில் வெளியூர் ஆட்கள் என்று பதினாறு பேர்.

"பதினாறாவது யாரு?" என்றேன்.

"நம்ம லச்சுமணந்தான் சார். வந்து சேந்தப்ப எழுதுனது, அப்படியே கெடக்கு" என்றார் சூப்பர்வைசர்.

இரண்டு பதிவேடுகளில் இரண்டு எண்ணிக்கை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. லக்கனைப் பதினாறாவதாக எழுதினேன். எண்ணிக்கை ஒத்துவர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எட்டாவது கலத்துக்கு வந்து, "எப்பப் போவீங்க லட்சுமணன்?" என்றேன்.

கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எங்க சார் போகப்போறேன்?"

கலத்தை வெறுமையாக விட முடியாது. "பின்னர்" என்று எழுதினேன்.

இது நடந்து ஒரு வருடம் கழித்து, எங்கள் கிராமத்துக்கு இலவச வீட்டுமனைப் பட்டா வந்தது. ஊருக்குக் கிழக்கே மேட்டு நிலம், ஆளுக்கு இரண்டு சென்ட். லக்கன் குடும்பம் இருந்தது கால்வாய்க் கரைப் புறம்போக்கில், தகரம் போட்ட ஒற்றை அறை. கால்வாயில் தண்ணீர் திறந்தால் பின்சுவர் ஊறிவிடும். அந்த மாதங்களில் பிள்ளைகளின் புத்தகப் பைகளை உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஈஸ்வரி திராட்சைத் தோட்டத்தில் கொத்தில் நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கழிக்கப் போகிறவள். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, சட்டைப் பையில் கத்தரி. மனு கொடுக்க அப்படியே வந்தாள். "இந்தத் தடவ எப்படியும் எழுதிக் குடுத்துருங்க சார். புள்ளைகளுக்குச் சளி விடவே மாட்டேங்குது" என்றாள். நான் பரிந்துரைத்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் சாமுவேல் சார் போன் செய்தார். "என்னய்யா, அந்த ஈஸ்வரி வீட்டுக்காரரு வடபுலத்தார்ல இருக்காப்ல. ஊரு திரும்புறவுகளுக்கு எப்படி மனை குடுக்க? நிரந்தரக் குடியிருப்புன்னு நீரே கையெழுத்துப் போட்டுருக்கீரு, அங்கனயும் நீருதான் எழுதிருக்கீரு."

வட்டாட்சியரைப் பார்க்கப் போனேன். பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த ஆள் இருபது வருடமாக இங்கே இருக்கிறார், நான்தான் எண்ணிக்கைக்காக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எட்டாவது கலத்தில் 'பின்னர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் செல்லப் போகிறவர்தானே?"

"தவறு ஐயா. பேரை நீக்கிவிடலாமா?"

"நீக்கம் என்று கலம் இல்லையே."

"ஒரு கலம் சேர்க்கலாமா ஐயா?"

"படிவம் மாவட்டத்துக்குச் சென்று ஒப்புதல் ஆகிவிட்டது. இந்தப் பதிவேட்டிலிருந்து ஒருவர் வெளியேற ஒரே வழி ஒன்பதாவது கலம். அவர் ஊருக்குச் சென்று வரட்டும். சென்ற நாளைத் தாங்கள் எழுதுங்கள். வந்ததும் புதிதாகக் குடியேறியவர் என்று அறிக்கை தாருங்கள். நான் ஏற்கிறேன்."

சாமுவேல் சார் பக்கத்தில்தான் இருந்தார். "திருப்பதி போயிட்டு வந்தாப் போதுமா ஐயா? நம்ம ஊர்லருந்தே பஸ்ஸு இருக்கு. வேங்கட மலைதான்."

"அவர் பிறந்தது திருப்பதியிலா?" என்றார் வட்டாட்சியர். "பயணச்சீட்டை இணைக்கச் சொல்லுங்கள். போகவும் வரவும்."

அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனைப் பட்டியலை மூன்று வாரம் நிறுத்திவைத்தார். ஒருவருக்காக அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கால்வாய்க் கரைக்குப் போய்ச் சொன்னேன். லக்கன், "அம்புட்டுத்தானா? போயிட்டு வந்துர்றேன்" என்றார். அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார், பார்த்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது என்றும் சொன்னார். ஈஸ்வரிதான் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"போனவுக எல்லாம் வந்துருக்காகளா சார்?" என்றாள். "எங்க பெரியம்மா மக வீட்டுக்காரரு திருப்பூருக்குப் போயிட்டு வாரேன்னு போனாரு. அவருக்குத் தமிழு மட்டுந்தான் தெரியும். அவரே வரல."

"ஏ ஆத்தா, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்" என்றார் லக்கன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினார். மதுரை போய், சென்னை போய், அங்கிருந்து ரயில். அன்று மத்தியானம் ஒன்பதாவது கலத்தில் தேதி போட்டு "திரும்பிச் சென்றார்" என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்தது.

பத்து நாளில் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. நான்காம் நாளிலிருந்தே போன் அணைந்து கிடந்தது. ஈஸ்வரி தினமும் காலையில் தோட்டத்துக்குப் போகிற வழியில் என் அலுவலக வாசலில் நின்று, "ஏதும் தாக்கல் வந்துச்சா சார்?" என்பாள். அனுப்பிவைத்த அலுவலகத்துக்குத் தகவல் வராமல் போகாது என்று அவள் நம்பினாள். பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் நாள், அதே கேள்வி. "வந்துருவாரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் பயம் வந்துவிட்டது. ராத்திரி சோறு தட்டில் கிடக்கும். என் வீட்டுக்காரி, "எந்தக் கணக்குத் தப்பாப் போச்சு?" என்று கேட்டாள்.

பத்தொன்பதாம் நாள் சாமுவேல் சார் வந்தார். பட்டியல் அன்று மாலை போயாக வேண்டும்.

"ஒரு வழி இருக்குய்யா" என்றார். "கணவனால கைவிடப்பட்ட பொம்பளைகளுக்கு முன்னுரிமை. மொதப் பேரா வரும். சாட்சி எதுக்கு? ஒம்பதாவது கலமே சாட்சி. அவன் வடபுலத்தாரு, விளக்கப்படி ஊரு திரும்பிட்டான். அந்தப் பிள்ளகிட்ட ஒரு மனு மட்டும் வாங்கும். ஐயாகிட்டயும் கேட்டுட்டேன், விதிப்படி சரின்னுட்டாரு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காவது கூரை கிடைக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. மனுவை நானே எழுதி வைத்தேன். அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்: "என் கணவர் என்னையும் என் குழந்தைகளையும் கைவிட்டு வடபுலம் சென்றுவிட்டார்."

ஈஸ்வரி நின்றபடியே கேட்டாள். "கைவிட்டுன்னா?"

"விட்டுட்டுப் போயிட்டாருன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

"பதிவேட்டுல இருக்கு."

"பதிவேட்டுல யாரு எழுதுனா?"

"நான்தான்" என்றேன்.

வாசலில் ஒரு ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

"பொம்பளப்பிள்ள பள்ளிக்கூடத்துல படிக்குது சார்" என்றாள். "அப்பன் விட்டுட்டு ஓடிட்டான்னு கவருமெண்டே எழுதி, முத்திர வச்சுக் குடுத்தா, அந்த மனையில எப்படி சார் நான் அடுப்பு மூட்டுறது? நாளைக்கு அவரு வந்து எறங்கி, இது யாரு வீடுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? அந்த வரிய அடிங்க."

"எந்த வரிய?"

"போயிட்டாருன்னு எழுதிருக்கீகள்ல, அத."

நான் அவளை உட்கார வைத்து விளக்கினேன். அந்த வரியை அடித்தால் அவர் மறுபடியும் திரும்பிப் போகாத வடபுலத்தார். அப்போது நீ கைவிடப்பட்டவளும் இல்லை, அவர் நிரந்தரக் குடியிருப்பும் இல்லை. இந்தப் பட்டியலில் பெயர் வராது. அடுத்தது எப்போது என்று எனக்கே தெரியாது. புரிகிறதா என்றேன்.

"புரியுது சார். கையெழுத்துப் போட்டா மனை. வரிய அடிச்சா மனை இல்ல" என்றாள். நான் சொன்னதை விடத் தெளிவாகச் சொன்னாள். "அடிங்க."

சாமுவேல் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஸ்கேல் வைத்து ஒரே கோடு. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், கீழே தேதி. முப்பது வருடத்தில் நான் செய்யாத காரியம். ஸ்கேலை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தேன். பயம் என்று சொல்லலாம், ஆனால் பொய்யாகிவிடும். வெட்கம். ஒரு மனிதரைக் கேட்காமலே எழுதி, அவர் பெண்டாட்டி வந்து நின்று அடி என்று சொல்லும்வரை அதை அழகான கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்த வெட்கம். அடித்ததை அவளுக்குக் காட்டினேன். எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

பட்டியல் மாலையில் போனது, அவள் பெயர் இல்லாமல். அடுத்த பட்டியல் சீக்கிரம் வரும் என்றார்கள். நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை.

மறுநாளே பதிவேட்டை வட்டாட்சியர் வாங்கிப் பார்த்தார். சுருக்கொப்பத்தைச் சுற்றி வட்டம் போட்டார். விளக்கம் கேட்டார். "ஈஸ்வரி கேட்டுக்கொண்டதால் அடித்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்தார், வெந்நீர் குடித்தார், மறுபடியும் படித்தார்.

"இந்த விளக்கம் போதாது" என்றார்.

"வேறு எழுதித் தரட்டுமா ஐயா?"

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

குறிப்பாணையில் அவரே கையெழுத்துப் போட்டு, அவரே என்னிடம் நீட்டினார். வழக்கமாக உதவியாளர் மூலம்தான் கொடுத்து அனுப்புவார்.

லக்கன் வந்தது இருபத்து மூன்றாம் நாள். காலை ஒன்பது மணி இருக்கும். ஈஸ்வரி அன்றும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கூடலூர் பஸ்ஸிலிருந்து தாடியும் தோள் பையுமாக இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்டீகளா?" என்றாள்.

"மதுரையில ரெண்டு இட்லி" என்றார். பிறகு நேரே என் மேசைக்கு வந்து, சட்டையின் உள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதை இரண்டாக மடித்து நூல் போட்டுக் கட்டியிருந்தார். பிரித்தார். இரண்டு பயணச்சீட்டுகள்.

"போகும்போதே ரயில்ல போனத் தூக்கிட்டாங்க சார். நம்பரு ஒண்ணும் மனசுல இல்ல. அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தாரு, அவர வீட்டுக்குக் கூட்டியாந்து விட்டுட்டு அப்படியே கெளம்பிட்டேன். வரும்போது எடமே இல்ல, வாசப்படியில நின்னேதான் வந்தேன். ஆனா டிக்கெட்ட மட்டும் விடல. ரெண்டும் இருக்கு, பாருங்க. மனை நம்பரு என்ன சார்?"

நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"மனை இல்ல. நீங்க போகவே இல்லன்னு சாரு எழுதிட்டாக. நான்தான் எழுதச் சொன்னேன்."

லக்கன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக என்னிடம் கேட்டார்.

"அப்ப மறுபடியும் போயிட்டு வரணுமா சார்?"

கேலி இல்லை. போ என்று சொல்லியிருந்தால் அன்றே கிளம்பியிருப்பார். ஈஸ்வரி தூணை விட்டுவிட்டு வந்து அவர் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம் லட்சுமணன்" என்றேன். "இனிமே உங்கள யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."

அப்படிச் சொல்ல ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு அதிகாரம் கிடையாது. தெரிந்துதான் சொன்னேன்.